அம்மா நிற்கும் தூரம்

ஏப்ரல் 7, திங்கள்

பள்ளியில் ஓராண்டுச் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தலைமையாசிரியை காரணம் கேட்டார். என் மகள் சம்யுக்தாவின் கால்ஃப் என்றேன். விளையாடப் போவது அவள்தானே, உங்களுக்கு எதற்கு விடுப்பு என்றார். விளையாடுவதை மட்டும்தான் அவள் செய்வாள், மற்றதையெல்லாம் யார் செய்வது என்று கேட்டேன். அவர் பிளஸ் டூ வேதியியலுக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மற்றது என்பது சின்ன வேலை இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் நன்றாக ஆடும் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, உதவித்தொகை கொடுத்துத் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்கின்றன. நான்கு வருடம் படிப்பு, கூடவே ஆட்டம். ஆனால் கோயம்புத்தூரில் ஒரு பெண் நன்றாக ஆடுகிறாள் என்று அங்கே யார் போய்ச் சொல்வது? போட்டிகளில் பெயர் வர வேண்டும். அவள் அடிப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அங்குள்ள பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். ஜூனில் சம்யு பிளஸ் டூ போகிறாள். இந்த வருடத்தை விட்டால் அவ்வளவுதான்.

சம்யுவுக்குப் பயிற்சி தரும் ரெபேக்கா மிஸ் குன்னூர்க்காரர், நல்ல ஆட்டக்காரராக இருந்தவர். அவரிடம் என் திட்டத்தைக் காட்டினேன். முழுதும் படித்துவிட்டு, "எல்லாமே இருக்கு மேடம்" என்றார். கொஞ்சம் பயந்தாற்போல் சொன்னதாகத் தோன்றியது. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்த நாட்குறிப்பையும் இன்றே தொடங்குகிறேன். பின்னால் வரும் பெற்றோர்களுக்குப் பயன்படும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

உள்ளூர்ப் போட்டி. சம்யு எண்பத்து நான்கு.

விடுப்பில் இருப்பவளை மறக்காமல் கூப்பிட்ட தமிழாசிரியை, எண்பத்து நாலு நல்ல மார்க்தானே என்றார். வேதியியலில் நல்ல மார்க். கால்ஃபில் எத்தனை அடியில் பதினெட்டுக் குழிகளிலும் பந்தைப் போட்டு முடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. எழுபத்திரண்டில் முடித்தால் நல்ல ஆட்டம். எண்பத்து நான்கு என்றால் அமெரிக்காவில் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நான் முதல் குழியிலிருந்து கடைசிவரை கூடவே நடந்தேன். ஆடுகிறவரிடம் பெற்றோர் பேசக் கூடாது, அருகிலும் போகக் கூடாது என்பது விதி. அதனால் ஓரமாக, மரங்களை ஒட்டி, என் மஞ்சள் குடையோடு. அவள் எங்கிருந்து பார்த்தாலும் நான் இருப்பது தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகவே பளிச்சென்று வாங்கியது. ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த விஷயத்தில் கட்டுப்பாடு அதிகம்.

இன்று காற்று அதிகம். அதுதான் காரணம்.

மே 24, சனி

கொடைக்கானல். மலைப்பாதையில் வயிறு புரட்டி, வந்ததிலிருந்து படுக்கை. போட்டிக்கு ரெபேக்கா மிஸ்தான் அழைத்துப் போனார், வீடியோவும் அவரே எடுத்தார். மதியம் சம்யு அறைக்குள் குதித்துக்கொண்டு வந்தாள். எழுபத்து நான்கு. பெண்களில் இரண்டாம் இடம்.

வாழ்நாளில் அவள் ஆடியதிலேயே சிறந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. ரசமும் பிரெட்டும் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு குழியாகச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். குளிர்ந்த காற்று அவளுக்கு ஒத்துக்கொள்கிறது. ஓஹாயோ, மிஷிகன் போன்ற குளிர் மாநிலங்களாகப் பார்த்து எழுத வேண்டும்.

ஜூன் 14, சனி

பெங்களூரு. முதல் நாள் எண்பத்திரண்டு. காலையில் விடுதியில் பூரி சாப்பிட்டாள். நாளை இட்லிதான்.

ஜூன் 15, ஞாயிறு

இட்லி வேலை செய்தது. எழுபத்து மூன்று.

சம்யு காலையிலேயே ரெபேக்கா மிஸ்ஸோடு போய்விட்டாள். நாங்கள் பின்னால் கிளம்பினோம். என் கணவர் மருதாசலம் கோவையில் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறார். எந்த மோட்டாரையும் சத்தம் கேட்டே பழுது சொல்லுவார், பெங்களூரில் மேம்பாலம் மட்டும் அவருக்குப் பிடிபடாது. மூன்று முறை ஒரே பாலத்தில் ஏறி இறங்கினோம். போய்ச் சேர்ந்தபோது சம்யு பதினெட்டாம் குழிக்கு வந்துவிட்டாள். நான் குடையை விரித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய் ஓரத்தில் நின்றேன். அந்த ஒரு குழியில்தான் அவள் சொதப்பினாள், பந்து வழியில் தடையாக இருக்கும் மணல் குழிக்குள் போய்விட்டது. பாவம், களைத்திருப்பாள்.

திரும்பும் வழியில் அவர் ரொம்ப நேரம் ஏதோ யோசித்தபடி ஓட்டினார். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல ரேணு, இட்லியப் பத்திதான்" என்றார்.

ஜூலை 2, புதன்

மின்னஞ்சல் எழுதும் படலம். நான் எழுதியதில் "பணிவும் விடாமுயற்சியும் உள்ளவள்" என்று இருந்ததைச் சம்யு எடுத்துவிட்டாள். அதற்குப் பதில், "காரில் போகும்போது பாடுவேன், நன்றாக இருக்காது" என்று போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாமல் அப்படியே அனுப்பியும் விட்டாள். இதைப் படித்துவிட்டு யார் பதில் போடப் போகிறார்கள்?

ஜூலை 9, புதன்

பதில் வந்துவிட்டது. ஓஹாயோவில் ஒரு கல்லூரி. பெண்கள் அணியின் பயிற்சியாளர் டெனிஸ் என்ற அம்மா எழுதியிருக்கிறார். கொடைக்கானல் வீடியோ பிடித்திருக்கிறதாம், வீடியோ அழைப்பில் சம்யுவோடு பேச வேண்டுமாம். தானும் காரில் மோசமாகப் பாடுவேன் என்று கடைசியில் ஒரு வரி.

குளிர் மாநிலம். நான் சொன்னேன் அல்லவா?

ஜூலை 16, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

மாலை ஏழு மணிக்கு அழைப்பு. படுக்கையறையில் மேசை போட்டு மடிக்கணினி வைத்தோம். சம்யுவுக்குப் பேச்சு வராமல் போனால் உதவட்டும் என்று முக்கியமான விஷயங்களைக் கொட்டை எழுத்தில் அட்டைகளில் எழுதி வைத்திருந்தேன். மடிக்கணினிக்குப் பின்னால் நின்று, வேண்டியபோது வேண்டியதைத் தூக்கிக் காட்டுவதாக ஏற்பாடு. சம்யு வேண்டாம் என்றுதான் சொன்னாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்றேன்.

அந்த அம்மா சிரித்த முகம். என்ன படிக்க ஆசை, தோற்றால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டார். நான் "தோல்வியே பாடம்" அட்டையைத் தூக்கினேன். சம்யு அதைப் பார்க்காமல், தோற்றால் குளித்துவிட்டுத் தூங்குவேன் என்றாள். நான் அட்டையை இன்னும் உயரத் தூக்கி ஆட்டினேன். அப்போது டெனிஸ் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, உன் பின்னால் இருக்கும் கண்ணாடியில் தெரிகிற பெண்மணிக்கு என் வணக்கத்தைச் சொல் என்றார்.

சம்யுவின் முதுகுக்குப் பின்னால் எங்கள் பீரோ. அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அதில் நான், தலைக்கு மேல் அட்டையோடு, ஆரம்பத்திலிருந்தே.

போய் முகத்தைக் காட்டி வணக்கம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அடுத்த முறை நானும் சம்யுவும் மட்டும் பேசினால் நன்றாக இருக்கும் என்று இனிமையாகவே சொன்னார். அழைப்பு முடிந்ததும் சம்யு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிப்பு மாதிரியும் இருந்தது. இரண்டும்தான் போல.

ஜூலை 17, வியாழன்

பீரோவை வேறு அறைக்கு மாற்றினோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பயிற்சி முடிந்து ரெபேக்கா மிஸ் என்னைத் தனியாக அழைத்தார். அடுத்த போட்டியில் நான் மைதானத்துக்குள் நடக்காமல் கிளப் கட்டிடத்திலேயே உட்கார்ந்து நிதானமாக ஒரு காபி குடிக்கலாமே என்றார். என் முழங்காலைப் பற்றிய அக்கறை. அங்கே காபி நன்றாக இருப்பதில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

சென்னை. எண்பத்தைந்து.

காற்று இல்லை. காலையில் இட்லிதான். எழுதுவதற்குக் காரணம் ஒன்றும் அகப்படவில்லை.

காரில் திரும்பினோம். விழுப்புரம் தாண்டியதும், எட்டாம் குழியில் ஏன் அந்த மட்டையை எடுத்தாய் என்று மட்டும் கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். சம்யு ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்:

"எனக்கு அந்த காலேஜுக்குப் போகணும்மா. நெஜமாவே போகணும். ஆனா இப்படியே போச்சுன்னா ஆட்டத்தையே விட்டுருவேன்."

அவர் வண்டியை ஓரங்கட்டி எல்லோருக்கும் இளநீர் வாங்கி வந்தார். நான் பாதியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

டெனிஸ் அம்மாவுக்குப் புதிய வீடியோ அனுப்ப வேண்டும். சம்யு டியூஷனுக்குப் போயிருந்தாள். மதியம் உட்கார்ந்து எல்லாப் போட்டிகளின் வீடியோக்களையும் வெட்டி ஒட்டினேன். சென்னையிலும் பெங்களூரு முதல் நாளிலும் எடுத்தவர் என் கணவர். சம்யுவின் கையும் இடுப்பும் எப்படித் திரும்புகின்றன என்று பார்க்க மெதுவாக ஓடவிட்டேன்.

ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் தலை இடது பக்கம் ஒருமுறை திரும்புகிறது. பந்தை அடித்ததும் மறுபடி திரும்புகிறது. பந்து போகும் பக்கம் அல்ல. என்ன பழக்கம் இது, ரெபேக்கா மிஸ் திருத்தவில்லையே என்று நினைத்தேன். கொடைக்கானல் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அதில் தலை திரும்பவே இல்லை. பந்து, குழியில் நட்ட கொடி, மறுபடி பந்து. அவ்வளவுதான்.

சென்னை வீடியோவில் ஓரிடத்தில் அவர் கேமராவைத் தற்செயலாக இடது பக்கம் திருப்பிவிட்டார். மரத்தடியில் மஞ்சள் குடை. குடைக்குக் கீழே ஒரு பெண் தலையில் கைவைத்துக்கொண்டு, வீட்டில் ஏதோ அசம்பாவிதம் நடந்துவிட்டது போல நிற்கிறாள். பந்து ஒரு சின்ன மணல் குழியில்தான் விழுந்திருந்தது.

வீடியோ வேலை முடிந்தது. அனுப்பியாகிவிட்டது. தலைவலி. சாயங்காலம் வேறு எதுவும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குடையை எதிர்வீட்டு சரோஜாக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். அவர் காய் வாங்க வெயிலில் போய்வருவதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

ஊட்டியில் போட்டி. நான் போகவில்லை. வீட்டில் ஃபிரிட்ஜைக் கழுவ வேண்டியிருந்தது.

ஃபிரிட்ஜைக் கழுவினேன். பிறகு பருப்பு டப்பாக்களைக் கழுவினேன். பிறகு ஃபிரிட்ஜை இன்னொரு முறை. இரண்டு மணிக்கு அவர் கூப்பிட்டார். எழுபத்தைந்து. "உன்ற பொண்ணு சிரிச்சுட்டே ஆடுனா புள்ள" என்றார். சந்தோஷம் என்றேன். சந்தோஷம்தான். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். தரை அவ்வளவு சுத்தமாக இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சம்யு ஊட்டி வறுக்கி பிஸ்கட்டோடு வந்தாள். நேராகச் சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். மூடினாள்.

"ஏம்மா வரல?"

"ஃபிரிட்ஜு."

"அம்மா."

நான் வீடியோவில் பார்த்ததைச் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். அவள் வறுக்கிப் பொட்டலத்தைப் பிரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பந்து எங்க போச்சுன்னு நான் பாக்கறதே இல்லம்மா" என்றாள். "உன் முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுரும். நல்லா போனாலும் நீ அடுத்ததுக்குப் பயந்துட்டே நிப்ப. எனக்கு அந்தப் பயம் வந்துரும்."

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்காக லீவெல்லாம் போட்டுட்டு வந்து நிக்கிற, எப்படிச் சொல்றது என்றாள். பிறகு, நான் வரவே கூடாது என்று அவள் சொல்லவில்லை என்றும் சொன்னாள். ஊட்டியில் கடைசிக் குழியை முடித்ததும் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒரு நொடி தேடினாளாம்.

இருவருமாகப் பொட்டலத்தைக் காலி செய்தோம். அவருக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

டெனிஸ் அம்மா இந்தியா வருகிறார். அவரோடு இன்னும் சில கல்லூரிகளின் பயிற்சியாளர்களும் வருகிறார்கள். நவம்பரில் பெங்களூரில் இரண்டு நாள் போட்டி நடத்தி, பிள்ளைகளை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் போகிறார்களாம். இதுவரை சம்யுவின் பெயர் அவர் பரிசீலனையில் இருக்கிறது, உறுதியாக எதுவும் சொல்லவில்லை. ஓர் இடம்தான் காலி. அதற்குத் தாய்லாந்துப் பெண் ஒருத்தியையும் பார்க்கிறார்.

இரண்டு நாளும் கோவையிலேயே இருந்துவிடுகிறேன் என்று ரெபேக்கா மிஸ்ஸிடம் சொன்னேன். அவருக்கு வேறு யோசனை இருந்தது. போட்டிக்குத் தன்னார்வலர்கள் போதவில்லை. பந்து விழும் இடத்தைப் பார்த்துச் சொல்ல ஒவ்வொரு குழியிலும் ஆள் வேண்டும். பெற்றோர்களே பலர் வருகிறார்கள். ஓரிடத்தில் நிற்க வேண்டும், வருகிற எல்லாப் பிள்ளைகளின் பந்தையும் பார்க்க வேண்டும், எல்லைக்குள் விழுந்தால் பச்சைக் கொடி, வெளியே விழுந்தால் சிவப்பு.

"சம்யு உங்களைத் தாண்டிப் போறது ஒரே ஒரு குழியிலதான் மேடம். மத்த நேரம் உங்களுக்கு வேற பிள்ளைங்க இருப்பாங்க" என்றார்.

சம்யுவைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "வா. ஆனா மூஞ்சி?" என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

மூஞ்சிப் பயிற்சி. மொட்டை மாடியில் என் கணவர் டென்னிஸ் பந்துகளை இங்கும் அங்கும் எறிய, நான் அசையாமல் கொடி காட்ட வேண்டும். ஒரு பந்து சரோஜாக்கா வீட்டு வடாகத்தில் போய் விழுந்தது. நான் அசையவில்லை. சரோஜாக்கா சத்தம் போட்டார், அப்போதும் அசையவில்லை. சம்யு மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நல்ல முன்னேற்றம் என்று அவர் சொன்னார்.

நவம்பர் 8, சனி

முதல் நாள். எனக்குப் பதினான்காம் குழி. நீளமான குழி, வலது ஓரம் முழுக்க நீலகிரி மரங்கள். மரங்களுக்கு முன்னால் வரிசையாக வெள்ளைக் குச்சிகள் நட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டி விழுந்தால் பந்து ஆட்டத்துக்கு வெளியே. ஓர் அடி அபராதம், மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

காலையிலிருந்து எத்தனையோ பிள்ளைகள். புனேப் பையன் ஒருவன் பந்தை அடித்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டான். தாய்லாந்துப் பெண் பெயர் நாரி. அழகாக அடித்துவிட்டு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஏழு மாதமாக ஒரே ஒரு பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாப் பிள்ளைகளும் அடிப்பதற்கு முன் ஒருமுறை மூச்சை இழுத்து விடுகிறார்கள்.

சம்யு வந்தாள். பந்து நடுவில். பச்சைக் கொடி. என்னைத் தாண்டிப் போகும்போது, தெரியாதவரிடம் போலத் தலையசைத்துவிட்டுப் போனாள். எழுபத்து நான்கு. நாரி எழுபத்து மூன்று.

நவம்பர் 9, ஞாயிறு

கை இன்னும் வலிக்கிறது. கொடியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

பதினொன்றரை மணி இருக்கும். சம்யுவும் நாரியும் இன்று ஒரே குழுவில். அதுவரை சம்யு அருமையாக ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று தண்ணீர் கொண்டுவந்தவர் சொல்லியிருந்தார். கொடி நட்டிருக்கும் புல்தரைக்கு அருகே, மேட்டில், டெனிஸ் அம்மா தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நிற்பது தெரிந்தது.

சம்யு அடித்தாள். அடித்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து வலது பக்கம் வளைந்து வந்து, ஒரு மரத்தில் பட்டு, சருகில் விழுந்தது. நான் ஓடினேன். என் காலடியில் கிடந்தது. இரண்டு வெள்ளைக் குச்சிகளுக்கும் நடுவே மனதில் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். பந்து கோட்டுக்கு வெளியே, ஓர் உள்ளங்கை அகலம். குனிந்து பார்த்தேன். மறுபடி பார்த்தேன். உள்ளங்கை அகலம்தான்.

பக்கத்தில் யாரும் இல்லை. இன்னொரு தன்னார்வலர் மைதானத்தின் மறுபக்கத்தில். சருகில் கால் பட்டால் பந்து உருளும், யாருக்கும் தெரியாது. கை தானாகச் சிவப்புக் கொடியைத் தூக்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தானாகத் தூக்கவில்லை. நாரியின் முகம் நினைவுக்கு வந்தது. அதைவிட, சம்யு கடைசிக் குழி முடிந்ததும் வந்து என்னிடம் சொல்லப் போகும் எண் நிஜமான எண்ணாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. இல்லாவிட்டால் அதைக் கேட்டு நான் எப்படிச் சந்தோஷப்படுவது?

சிவப்பைத் தூக்கினேன்.

தூரத்தில் சம்யு என் சிவப்புக் கொடியைப் பார்த்தாள். பையிலிருந்து வேறு பந்தை எடுத்து மறுபடி அடித்தாள். இந்த முறை நடுவில், நேராக. அபராதத்தோடு சேர்த்து அதற்குள் மூன்று அடி ஆகிவிட்டது. நடந்து வரும்போது, முதல் பந்தைப் பார்க்க நடுவருடன் என் பக்கம் வந்தாள். நான் பந்தைக் காட்டி, "வெளியே" என்றேன். நடுவர் குனிந்து பார்த்து ஆமாம் என்றார். சம்யு பந்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

எப்படி வைத்திருந்தேனோ, தெரியாது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், முடியாமல் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே போய்த் தன் பந்துக்குப் பக்கத்தில் நின்றாள். ஒருமுறை மூச்சை இழுத்து விட்டாள். அடுத்த அடியைக் குழியில் நட்ட கொடியிலிருந்து இரண்டு முழம் தள்ளிப் போட்டாள், அதற்கடுத்ததில் குழிக்குள். மொத்தம் ஐந்து. நான்கில் முடிக்க வேண்டிய குழி அது, ஒன்றுதான் நஷ்டம். எனக்கு அடுத்த குழு வந்துவிட்டது. பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

எழுபத்து மூன்று. கடைசிக் குழி முடிந்து அங்கிருந்து பதினான்காம் குழிவரை ஓடி வந்து சொன்னாள். நான் அப்போதும் கொடியோடுதான் நின்றிருந்தேன்.

"அப்ப ஏன் சிரிச்ச?" என்று கேட்டேன்.

"கரண்ட் பில்லு கட்ட வரிசையில நிக்கறவங்க மாதிரி நின்னுட்டிருந்தம்மா. அவ்ளோ பெரிய அடி போச்சு, உன் மூஞ்சில ஒண்ணுமே இல்ல. சரி, ஒண்ணும் ஆகல போலன்னு நெனச்சுட்டேன்."

நாரி எழுபத்து நான்கு. இரண்டு நாள் கூட்டினால் இருவரும் சமம். நாரியின் அம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது, எனக்குத் தாய்லாந்து மொழி ஓர் எழுத்தும் வராது. ஆனால் மதியம் ஒரே மேசையில் உட்கார்ந்து, நான் கொண்டுபோன புளிசாதத்தை இருவரும் சாப்பிட்டோம். அவருக்கும் கை வலிக்கிறதாம், மூன்றாம் குழியில் கொடி பிடித்தவர் அவர்.

நவம்பர் 21, வெள்ளி

பள்ளிக்குப் போய் ஜனவரியிலேயே வேலைக்குத் திரும்பலாமா என்று கேட்டேன். தலைமையாசிரியை, எல்லாம் முடிந்ததா என்றார். அவள் பார்த்துக்கொள்வாள் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் சம்யு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். டெனிஸ் அம்மாவின் மின்னஞ்சல். சம்யுவை அணியில் சேர்த்துக்கொள்ள விரும்புகிறாராம், உதவித்தொகையோடு. நாரிக்கு வேறொரு பயிற்சியாளர் இடம் கொடுத்துவிட்டாராம். எண்களை வைத்து இருவரையும் பிரிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். பதினான்காம் குழியில் அவ்வளவு பெரிய தவறுக்குப் பிறகு சிரித்துக்கொண்டு நடந்து வந்த பெண்ணைத்தான் தனக்குப் பிடித்தது, தோல்விகள் நிறைய வரும், அப்போது அணியில் அப்படி ஒருத்தி வேண்டும் என்று.

கடைசியில், அங்கே கொடி பிடித்து நின்றவர் யார் என்பது ரெபேக்கா சொல்லித்தான் தெரிந்தது, அவரையும் அணியில் சேர்க்க விதியில் இடமில்லை, வருந்துகிறேன் என்று ஒரு வரி. அதை என் கணவர் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆமாம் என்று எழுதுவதற்கு முன், படிப்பைப் பற்றித் தானே சில கேள்விகள் கேட்க வேண்டும் என்று சம்யு சொன்னாள். தானே.

நவம்பர் 23, ஞாயிறு

என்ன எழுதினாள் என்று கேட்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

இன்றும் கேட்கவில்லை. அவரிடம் கேட்டேன். அவரும் கேட்கவில்லையாம். "ஏனுங்க, நீங்களாச்சும் கேக்கலாமில்ல" என்றேன். நீ கேட்காதபோது நான் எப்படிக் கேட்பது என்கிறார். பட்டறையில் ஒரு மோட்டாருக்குத் தவறான பேரிங்கை மாட்டிவிட்டு வந்திருக்கிறார், முதல் முறையாக.

நவம்பர் 25, செவ்வாய்

மாலை சம்யு தோசை சாப்பிட்டுக்கொண்டே, ஆமாம் என்று எழுதிவிட்டதாகச் சொன்னாள். அடுத்த ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். உயிரியல் படிக்கப் போகிறாள், நாங்கள் நினைத்திருந்த வணிகவியல் இல்லை. நல்லது கண்ணு என்று அவர் சொல்லி, இன்னொரு தோசை கேட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. மிளகாய்ப்பொடி என்றார். தட்டில் மிளகாய்ப்பொடி இல்லை.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று போட்டி எதுவும் இல்லை. சம்யு பத்து மணிக்கு எழுந்துவந்து, அங்கே போனால் யார் சமைத்துத் தருவார்கள், ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். நான் புளியை எடுத்தேன். என் கையிலிருந்து வாங்கி, கதவுப் பக்கம் போய் நிற்கச் சொன்னாள்.

நின்றேன். புளி அதிகமாகக் கரைந்தது, தெரிந்தது. தக்காளியை நசுக்காமல் அப்படியே போட்டாள், பார்த்தேன். உப்பை ஒருமுறை போட்டாள். போட்டதை மறந்து கறிவேப்பிலை உருவினாள், பிறகு இன்னொரு முறை போட்டாள். வாயைத் திறக்கவில்லை. தாளித்துக் கொட்டியதும் டம்ளரில் ஊற்றி முதலில் என்னிடம் கொடுத்து, எதிரில் நின்று என் முகத்தையே பார்த்தாள்.

முழுதும் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். இன்னும் கொஞ்சம் கொடு என்றும் கேட்டேன்.

சம்யு சந்தோஷமாகத் தனக்கும் ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய்தான். தொட்டியில் போய்த் துப்பிவிட்டு, கண்ணில் நீரோடு திரும்பினாள்.

"இவ்ளோ உப்பு. எப்படிம்மா குடிச்ச, மூஞ்சி மாறாம?"

"பழகிடுச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டினேன்.